மார்கரெட் ரூதர்ஃபோர்ட்: மெட்ராஸில் அம்மாவை இழந்த குழந்தை, 71 வயதில் ஆஸ்கர் வென்ற கதை

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் இருந்து கிளம்பிய ரயில். உள்ளே ஒரு வயதான பெண்மணி, கையில் துப்பறியும் நாவல். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் கூடவே வருகிறது. அதில் ஒரு பெட்டியின் ஜன்னல் திரை சட்டென்று மேலே சுருள்கிறது. உள்ளே ஒரு ஆணின் கைகள் ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கின்றன. சில விநாடிகள்தான். அந்த ரயில் கடந்து போய்விடுகிறது.

பெண்மணி டிக்கெட் பரிசோதகரிடம் சொல்கிறார். அவருடைய பார்வையோ அந்த நாவல் மீது போகிறது. போலீஸ் தேடிப் பார்க்கிறது. உடல் எதுவும் கிடைக்கவில்லை. பாட்டி கதை படித்துக்கொண்டே கண்ணயர்ந்து ஏதோ கனவு கண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பெண்மணியின் முகத்தை இப்போது கவனியுங்கள். கோபம் இல்லை, அழுகை இல்லை. தாடை மட்டும் கொஞ்சம் முன்னால் வருகிறது. நான் பார்த்தது பார்த்ததுதான் என்று அந்தத் தாடையே சொல்லிவிடுகிறது. படம், 1961-ல் வெளியான 'மர்டர் ஷீ செட்'. பாத்திரம், அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். நடித்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். அப்போது அவருக்கு வயது 69.

தான் பார்த்ததை யாரும் நம்பாத ஒரு பெண்ணை அவர் ஏன் இவ்வளவு நிஜமாக நடித்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது நம்மை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஆமாம், நம்ம மெட்ராஸ்தான்.

யார் இந்த மார்கரெட் ரூதர்ஃபோர்ட்?

1940 முதல் 1960-கள் வரை வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் நாலைந்தைப் பார்த்திருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். தொங்கும் கன்னங்கள், அடுக்கடுக்கான தாடை, தோளில் ஒரு கேப், கரடுமுரடான ட்வீட் உடை, எப்போதும் எங்கோ அவசரமாகப் போவது போன்ற நடை. ஹெட்மிஸ்ட்ரஸ், பேராசிரியர், நர்ஸ், கோமகள், ஆவிகளோடு பேசுகிறவர் என்று எந்த வேடமானாலும் கதாநாயகியின் பக்கத்தில் நின்றுகொண்டு, காட்சியை மட்டும் தன் பக்கம் இழுத்துவிடுவார்.

ஆங்கிலத்தில் கேரக்டர் ஆக்டர் என்பார்கள், தமிழில் குணச்சித்திர நடிகர். போஸ்டரில் பெயர் சின்னதாக இருக்கும். ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது நாம் பேசுவது இவர்களைப் பற்றித்தான். பிரிட்டிஷ் சினிமாவின் அந்தப் பொற்காலத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அலஸ்டர் சிம், ஜாய்ஸ் கிரென்ஃபெல், மைல்ஸ் மாலிசன் என்று ஒரு பெரிய வரிசையே சொல்லலாம். அந்த வரிசையில் ரூதர்ஃபோர்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. காரணம் எளிமையானது. அவர் சிரிப்பு மூட்ட முயற்சியே செய்யமாட்டார். சிரிக்க வைக்க வேண்டும் என்று தான் எப்போதும் நினைத்ததில்லை என்றும், ஜனங்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பதே தனக்கு ஆச்சரியம்தான் என்றும் அவர் சொல்லிவந்தார்.

மெட்ராஸ்: வெளியே சொல்லப்படாத முன்கதை

மார்கரெட் பிறந்தது 1892 மே 11 அன்று, தெற்கு லண்டனின் பாலம் பகுதியில். ஆனால் அவருடைய கதை அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அப்பாவின் பெயர் வில்லியம் ரூதர்ஃபோர்ட் பென். 1882 டிசம்பரில் ஃப்ளோரன்ஸ் நிக்கல்சனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே மாதத்தில் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கொஞ்சம் தேறியதும் அவருடைய தந்தை, பாதிரியார் ஜூலியஸ் பென், மகனை ஓய்வுக்காக டெர்பிஷயர் மாவட்டத்தின் மேட்லாக் ஊருக்கு அழைத்துப் போனார். 1883 மார்ச்சில், அவர்கள் தங்கியிருந்த இடத்தில், வில்லியம் தன் தந்தையை அடித்துக் கொன்றுவிட்டார். தன்னையும் காயப்படுத்திக்கொண்டார்.

நீதிமன்றம் அவரை மனநோயாளி என்று கருதியது. பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் 7 ஆண்டுகள் இருந்தார். 1890-ல் விடுதலையாகி மனைவியிடம் திரும்பினார். பென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு ரூதர்ஃபோர்ட் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். மகள் பிறந்த பிறகு, பழைய கதை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் புதிதாக வாழலாம் என்று குடும்பம் கப்பலேறியது. அந்த ஊர்தான் மெட்ராஸ்.

புது வாழ்க்கை நீடிக்கவில்லை. மார்கரெட்டுக்கு 3 வயது இருக்கும்போது, கர்ப்பமாக இருந்த ஃப்ளோரன்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தையை இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். விம்பிள்டனில் இருந்த பெரியவர் பெஸ்ஸி நிக்கல்சன், அம்மாவின் சகோதரி, அவரை வளர்த்தார். அப்பாவும் துக்கத்தில் இறந்துவிட்டார் என்று குழந்தையிடம் சொல்லி வைத்தார்கள்.

சுமார் 12 வயதில் உண்மை தெரிந்தது. அப்பா உயிரோடுதான் இருக்கிறார். மறுபடியும் மனநலக் காப்பகத்தில் இருக்கிறார். 1921-ல் இறக்கும்வரை அவர் அங்கிருந்து வெளியே வரவில்லை.

ஒரு பள்ளிச் சிறுமியின் மனதில் இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாத்தா கொலையானவர், கொன்றது அப்பா, அம்மா தன்னையே முடித்துக்கொண்டவர். மனநோய் ரத்தத்தில் வரும், குடும்பத்துக்கே சாபம் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. நாளை எனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயம் மார்கரெட்டை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

இதில் இந்தியாவோடு இன்னொரு இழையும் இருக்கிறது. வில்லியமின் அண்ணன் சர் ஜான் பென், லண்டன் அரசியலில் பெரிய புள்ளி. அவருடைய மகன் வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான அமைச்சர். உப்புச் சத்தியாகிரகம், முதல் வட்டமேசை மாநாடு, காந்தி-இர்வின் ஒப்பந்தம் எல்லாம் நடந்தபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் மார்கரெட்டின் பெரியப்பா மகன். பிற்காலத்தில் தொழிற்கட்சியின் இடதுசாரி முகமாக இருந்த டோனி பென், வெட்ஜ்வுட் பென்னின் மகன். ஒரே குடும்பத்தில் ஒரு கிளை பாராளுமன்றத்துக்குப் போனது. இன்னொரு கிளை பெயரையே மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தது.

33 வயதில் முதல் மேடை

பள்ளி நாட்களிலேயே மார்கரெட்டுக்கு நாடகம் பிடித்துப்போனது. ஆனால் வேலை என்று பார்த்தால், விம்பிள்டனில் பியானோவும் பேச்சுக் கலையும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். இருபதுகள் முழுக்க அப்படியே போயின.

பெஸ்ஸி பெரியம்மா இறந்தபோது ஒரு சின்னத் தொகையை விட்டுப்போனார். அதை வைத்து மார்கரெட் செய்த காரியம்தான் திருப்பம். லண்டனின் புகழ்பெற்ற ஓல்ட் விக் நாடகக் குழுவில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தார். 1925-ல் முதல் முறையாகத் தொழில்முறை மேடை ஏறினார். வயது 33. அந்தக் காலத்தில் நடிகைகள் 'செட்டில்' ஆகிவிடும் வயதில் இவர் நுழைவுத் தேர்வு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சீசனில் ஓல்ட் விக்கின் முன்னணி நடிகை ஈடித் எவன்ஸ். நம்மாளுக்குக் கிடைத்ததெல்லாம் துக்கடா வேடங்கள். சீசன் முடிந்ததும் மறுபடி பியானோ கிளாஸுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

இங்கே கதை வேகமெடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுக்கவில்லை. அடுத்த பல ஆண்டுகள் சின்னச் சின்ன ஊர்களின் ரெப்பர்டரி குழுக்களில் நடித்தார். அங்கே அடிக்கடி நாடகம் மாறும். இரவில் ஒன்று நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை ஒத்திகை பார்க்க வேண்டும். 1930-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்படி ஒரு குழுவில் இருந்தபோது ஸ்ட்ரிங்கர் டேவிஸ் என்ற நடிகரைச் சந்தித்தார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1933-ல் லண்டன் வெஸ்ட் எண்ட் மேடை. 1936-ல், 44 வயதில், 'டஸ்டி எர்மின்' மூலம் முதல் சினிமா. 1939-ல் ஜான் கீல்குட் மேடையேற்றிய ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் மிஸ் பிரிஸம் வேடம். அதில் லேடி பிராக்னலாக நடித்தவர் அதே ஈடித் எவன்ஸ். 1952-ல் அது கலர் படமானபோதும் இருவருக்கும் அதே வேடங்கள். துக்கடா வேடக்காரர், முன்னணி நடிகையின் எதிரே சமமாக வந்து நிற்க 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சைக்கிளில் வந்த மேடம் ஆர்காட்டி

1941. லண்டன் மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். நோயல் கவர்ட் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பெயர் 'பிளைத் ஸ்பிரிட்'. ஒரு எழுத்தாளர் தன் நாவலுக்குக் குறிப்பு எடுப்பதற்காக, ஆவிகளோடு பேசும் பெண் ஒருவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறார். அவரைப் போலி என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அழைக்கிறார். வந்தவரோ எழுத்தாளரின் செத்துப்போன முதல் மனைவியை நிஜமாகவே வரவழைத்துவிடுகிறார்.

அந்தப் பெண்தான் மேடம் ஆர்காட்டி. சைக்கிள் மிதித்து வருவார், நன்றாகச் சாப்பிடுவார், தன் வேலையைப் பற்றி ஒரு பிளம்பர் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகப் பேசுவார். ரூதர்ஃபோர்ட் இந்த வேடத்தைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவிகளை நம்புகிறவர்களைப் புண்படுத்தக் கூடாது என்பதில் அவருக்குக் கவனம் இருந்தது. அதனால் ஆர்காட்டியை ஏமாற்றுக்காரியாக இல்லாமல், தன் தொழிலில் முழு நம்பிக்கை உள்ள ஒரு கடின உழைப்பாளியாக நடித்தார். அரங்கம் வெடித்துச் சிரித்தது.

நாடகம் லண்டனில் 1,997 முறை நடந்தது. இசை நாடகம் அல்லாத நாடகங்களில் அப்போது அது சாதனை. (பிறகு அதை முறியடித்தது அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்'.) 1945-ல் டேவிட் லீன் இதைப் படமாக்கியபோது, மேடம் ஆர்காட்டி ரூதர்ஃபோர்ட்தான். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'எ பாசேஜ் டு இந்தியா' எடுத்த அதே லீன்தான்.

எண்களில் ஒரு வாழ்க்கை

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கிறது:

- 3 வயது: மெட்ராஸில் அம்மாவை இழக்கிறார்
- 33: முதல் தொழில்முறை மேடை
- 44: முதல் படம்
- 49: மேடம் ஆர்காட்டி
- 52: திருமணம்
- 69: முதல் மிஸ் மார்ப்பிள் படம்
- 71: ஆஸ்கர்
- 74: அரசின் டேம் பட்டம்
- 80: மறைவு

லேட்டாக ஜெயித்தவர் என்று இதை லிங்க்ட்இன் பதிவாக மாற்றிவிடுவது சுலபம். ஆனால் 3-க்கும் 33-க்கும் நடுவே இருக்கும் அந்த 30 ஆண்டு இடைவெளியைக் கொஞ்சம் பாருங்கள். அது சோம்பலாலோ குழப்பத்தாலோ வந்தது இல்லை. சம்பாதித்தாக வேண்டும் என்ற கட்டாயமும், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயமும் அதற்குள் இருந்தன.

எல்லோருக்கும் 'லூசு', ஆனால் சொன்னது சரி

அவருடைய படங்களை வரிசையாகப் பார்க்கும்போது ஒரு பேட்டர்ன் கண்ணில் படும். இவருடைய பாத்திரங்களைச் சுற்றியிருப்பவர்கள், இந்தம்மா கொஞ்சம் மாதிரி என்றே நினைப்பார்கள். கதை முடியும்போது அந்தம்மா சொன்னது சரியாக இருக்கும்.

ஆர்காட்டியைப் போலி என்றார்கள், ஆவி வந்தது. 1949-ல் வந்த 'பாஸ்போர்ட் டு பிம்லிக்கோ' படத்தில் லண்டனின் பிம்லிக்கோ பகுதியில் ஒரு பழைய குண்டு வெடிக்கிறது. புதையலும் ஒரு பழங்கால சாசனமும் கிடைக்கின்றன. ரூதர்ஃபோர்ட் சரித்திரப் பேராசிரியர். இந்தத் தெரு சட்டப்படி இங்கிலாந்துக்குச் சொந்தமே இல்லை, பர்கண்டி என்ற பழைய நாட்டுக்குச் சொந்தம் என்று நிரூபிக்கிறார். கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கிறது. ஆனால் ஆவணம் அவர் பக்கம். அவர் சொன்னதை வைத்து ஒரு தெருவே தனி நாடாகிவிடுகிறது. ரேஷன் கார்டைக் கிழித்துப் போடுகிறார்கள்.

1950-ல் 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்'. அமைச்சகத்தின் குளறுபடியால் ஒரு பெண்கள் பள்ளி முழுவதும் ஒரு ஆண்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் வந்து இறங்குகிறது. ஹெட்மாஸ்டர் அலஸ்டர் சிம், ஹெட்மிஸ்ட்ரஸ் ரூதர்ஃபோர்ட். இருவரும் முதலில் மோதுகிறார்கள், பிறகு பெற்றோர்களிடமிருந்து உண்மையை மறைக்கக் கூட்டுச் சேருகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங், ஒரே கான்ஃபரன்ஸ் ரூம், தப்பு செய்தது மேலிடம், சமாளிப்பது நீங்கள். ஆபீஸில் இதை அனுபவித்தவர்களுக்குப் படம் இன்னும் நன்றாகப் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1957-ல் வந்த 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்'. ஓர் இளம் தம்பதிக்கு ஒரு தியேட்டர் சொத்தாகக் கிடைக்கிறது. போய்ப் பார்த்தால் ஓட்டைத் தியேட்டர். பக்கத்தில் ரயில் போனால் கட்டடமே ஆடும். அங்கே மூன்றே ஊழியர்கள், மூவரும் அந்தக் காலத்து மனிதர்கள். ஆபரேட்டராக பீட்டர் செல்லர்ஸ், வாசல்காரராக பெர்னார்ட் மைல்ஸ், டிக்கெட் கவுண்டரில் ரூதர்ஃபோர்ட். ஊமைப் படக் காலத்தில் திரைக்குக் கீழே பியானோ வாசித்தவர் அந்த டிக்கெட் கவுண்டர் அம்மாள்.

ஒரு இரவு ஜனங்கள் எல்லாம் போன பிறகு, புது முதலாளிகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறார்கள். ஆபரேட்டர் ஒரு பழைய ஊமைப் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ரூதர்ஃபோர்ட் பியானோ முன் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே வாசிக்கிறார். வாசல்காரர் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தம்போட்டுச் சிரிக்க வந்தவர்களும் அந்தக் காட்சியில் அமைதியாகிவிடுவார்கள். விம்பிள்டன் பியானோ டீச்சரின் விரல்கள் அவை என்பது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கனக்கும்.

இந்தப் பாத்திரங்கள் எதையும் ரூதர்ஃபோர்ட் எழுதவில்லை. வந்ததில் நடித்தார், அவ்வளவுதான். ஆனால் உலகம் கிறுக்கு என்று சொல்லும் ஒரு மனிதரைப் பார்த்து அவர் ஒருமுறைகூடக் கண்ணடித்ததில்லை. நானும் உங்களைப் போலத்தான், இவரைப் பார்த்துச் சிரிப்போம் வாங்க என்று பார்வையாளர்களோடு கூட்டுச் சேர்ந்ததில்லை. பைத்தியம் என்ற வார்த்தை தன் வீட்டுக்குள் என்ன செய்தது என்று தெரிந்தவர் அவர். அந்த வார்த்தையை வைத்து அவரால் சுலபமாக ஜோக் அடிக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

கொலைக் கதை பிடிக்காத மிஸ் மார்ப்பிள்

1960-களின் தொடக்கத்தில் எம்ஜிஎம் நிறுவனம் மிஸ் மார்ப்பிள் வேடத்தோடு வந்தபோது ரூதர்ஃபோர்ட் தயங்கினார். கொலை சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குப் பிடிக்காது. இயக்குநர் ஜார்ஜ் போலக், இது கொலையைப் பற்றியதைவிட நீதியைப் பற்றிய கதை என்ற ரீதியில் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. வயதான நடிகையின் கூச்சம் என்றுதான் வெளியே தெரிந்தது. மேட்லாக்கில் நடந்தது பொதுமக்களுக்குத் தெரியாது. 1972-ல் வெளியான அவருடைய சுயசரிதையிலும் அது இல்லை. பின்னாளில் வந்த வாழ்க்கை வரலாறுகள்தான் அதை முழுதாக வெளியே கொண்டுவந்தன.

மொத்தம் நான்கு படங்கள்: 'மர்டர் ஷீ செட்' (1961), 'மர்டர் அட் த கேலப்' (1963), 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' (1964), 'மர்டர் அஹோய்' (1964). கிறிஸ்டி ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான்கில் ஒன்றுதான் மார்ப்பிள் நாவலில் இருந்து வந்தது. நடுவில் உள்ள இரண்டும் உண்மையில் ஏர்க்யூல் பொய்ரோ நாவல்கள். கடைசிப் படத்துக்கு நாவலே கிடையாது.

நாவலில் வரும் மார்ப்பிள் ஒல்லியானவர், மென்மையானவர், ஓரமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவர். ரூதர்ஃபோர்டின் மார்ப்பிளோ தண்டவாளத் தொழிலாளி வேஷம் போடுவார், குதிரை ஏறுவார், ட்விஸ்ட் ஆடுவார், கடைசிப் படத்தில் வாள் சண்டையே போடுவார். கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனால் நடிகையைப் பிடித்திருந்தது. 1962-ல் வந்த தன் மார்ப்பிள் நாவல் ஒன்றை ரூதர்ஃபோர்டுக்கே காணிக்கை ஆக்கினார்.

'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' படத்தின் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். மிஸ் மார்ப்பிள் நீதிமன்றத்தில் ஜூரிகளில் ஒருவர். 11 பேர் குற்றவாளி என்கிறார்கள். ஒரே ஒருவர் இல்லை என்கிறார். நீதிபதி எரிச்சலாகிறார், மற்ற ஜூரிகள் முறைக்கிறார்கள். அந்த ஒருவர் அசையவில்லை. கதை முடிவில் யார் சரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சுவாரசியமான தகவல். 'மர்டர் ஷீ செட்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக ஒரு சின்ன வேடத்தில் வருபவர் ஜோன் ஹிக்சன். 1984 முதல் 1992 வரை பிபிசி தொலைக்காட்சித் தொடரில் மிஸ் மார்ப்பிளாக நடித்துப் புகழ்பெற்றது அவர்தான்.

15 ஆண்டு காத்திருந்த மிஸ்டர் ஸ்ட்ரிங்கர்

நாவல்களில் இல்லாத ஒரு ஆள் இந்த நான்கு படங்களிலும் வருவார். மிஸ் மார்ப்பிளுக்கு உதவும் கூச்ச சுபாவமுள்ள நூலகர், மிஸ்டர் ஸ்ட்ரிங்கர். அவர் சொல்வதையெல்லாம் நம்பும் ஒரே மனிதர். பயந்துகொண்டே எல்லாவற்றிலும் கூட நிற்பார்.

அவரை நடித்தவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். ஆமாம், 1930-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்த அதே நடிகர். இருவரும் பழகினார்கள், பிடித்திருந்தது. ஆனால் டேவிஸின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. மகன் அம்மாவை மீறவில்லை. அந்த அம்மா காலமான பிறகு, 1945 மார்ச்சில், கல்யாணம் நடந்தது. மணமகளுக்கு 52, மணமகனுக்கு 45. (நம்ம ஊர் கதை மாதிரி இருக்கில்ல?)

அதன் பிறகு டேவிஸின் வாழ்க்கை மார்கரெட்டைச் சுற்றியே சுழன்றது. கடிதங்களுக்குப் பதில், பயண ஏற்பாடு, வசனம் மனப்பாடம் செய்ய உதவி எல்லாம் அவர்தான். அதைவிடப் பெரிய வேலை வேறு. மார்கரெட்டுக்கு அவ்வப்போது கடுமையான மனச்சோர்வு வரும். நாட்கணக்கில் எழுந்திருக்க முடியாது. மருத்துவமனை, மின் அதிர்ச்சி சிகிச்சை எல்லாம் நடந்தன. வெளியே ஒரு வார்த்தை கசியாமல் பார்த்துக்கொண்டவர் டேவிஸ். மறைத்து வைக்க வேண்டியிருந்தது அந்தக் காலத்தின் குறை. மறைவுக்குப் பின்னால் ஒருவர் விலகாமல் உட்கார்ந்திருந்தார் என்பது டேவிஸின் நிறை.

தன் படங்களில் கணவருக்கும் ஒரு சின்ன வேடமாவது கொடுக்க வேண்டும் என்று மார்கரெட் வற்புறுத்துவார். மார்ப்பிள் படங்களில் அவர் வைத்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. இன்னொன்று, தன் சொந்த உடைகளையே அணிந்துகொள்வேன் என்பது. திரையில் நீங்கள் பார்க்கும் அந்த கேப் அவருடைய அலமாரியில் இருந்து வந்தது.

இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கார்டன் லாங்லி ஹால் என்ற இளம் எழுத்தாளரைத் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1968-ல் அவர் பாலின மாற்று சிகிச்சை செய்துகொண்டு, டான் லாங்லி சிம்மன்ஸ் என்ற பெண்ணாக வாழத் தொடங்கினார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. மார்கரெட் அவரைக் கைவிடவில்லை. 1983-ல் மார்கரெட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் டான் ஒருவர்.

ஆஸ்கரும் அந்திமக் காலமும்

1963-ல் வந்த 'தி விஐபிஸ்' படத்தில் பெரிய நட்சத்திரங்கள் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும். பனிமூட்டத்தால் லண்டன் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட பணக்காரர்களின் கதை. ரூதர்ஃபோர்ட் அதில் பிரைட்டனின் கோமகள். பட்டம் இருக்கிறது, பணம் இல்லை. பரம்பரை மாளிகையைக் காப்பாற்ற அமெரிக்காவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறார். விமானம் என்றாலே நடுக்கம், கைப்பையில் மாத்திரைகள். சிரிக்க வைக்கும் வேடம்தான். ஆனால் தன் வீட்டை இழக்கப்போகும் ஒரு கிழவியின் பதற்றம் ஒவ்வொரு காட்சியிலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். 1964-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்', சார்லி சாப்ளினின் கடைசிப் படமான 'எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்' ஆகியவற்றில் நடித்தார். 1967-ல் டேம் பட்டம் வந்தது. அதற்குள் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய். வசனங்கள் போயின, முகங்கள் போயின. டேவிஸ் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

1972 மே 22 அன்று மார்கரெட் ரூதர்ஃபோர்ட் காலமானார். லண்டனில் நடிகர்களின் தேவாலயம் என்று அழைக்கப்படும் கோவன்ட் கார்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு ஜான் கீல்குட், ரால்ஃப் ரிச்சர்ட்சன், ஜாய்ஸ் கிரென்ஃபெல் எல்லோரும் வந்தார்கள். சுமார் 90 வயதான சிபில் தோர்ன்டைக் அவரைப் பற்றிப் பேசும்போது, யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாதவர் என்பதைத்தான் நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டேவிஸும் போய்ச் சேர்ந்தார். பக்கிங்ஹாம்ஷயரின் ஜெரார்ட்ஸ் கிராஸில் இருவருக்கும் ஒரே இடத்தில் கல்லறை. பிளைத் ஸ்பிரிட் என்ற நாடகப் பெயரே மார்கரெட்டின் கல்லில் இருக்கிறது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

எல்லாமே ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய படங்கள். வேலை முடிந்து வந்த இரவில் தாராளமாகப் பார்க்கலாம்.

- முதலில் 'மர்டர் ஷீ செட்'. கதை வேகமாக ஓடும், மிஸ்டர் ஸ்ட்ரிங்கரும் அறிமுகமாவார்.
- சிரித்து மனம் லேசாக வேண்டும் என்றால் 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்'.
- கலரில் வேண்டும் என்றால் 'பிளைத் ஸ்பிரிட்'.
- பழைய தியேட்டர்கள் மேல் பாசம் இருந்தால் 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்'. பியானோ காட்சி வரும்வரை போனைத் தள்ளி வையுங்கள்.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுற்றியிருப்பவர்கள் நம்பாதபோது அந்தத் தாடை எப்படி மெல்ல முன்னால் வருகிறது என்று.

*மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உங்களையோ உங்களுக்கு நெருக்கமானவரையோ வாட்டினால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.*